உறைஞ்ச மண்ணுக்குள்ள வாயு எங்கே உட்கார்ந்திருக்கு?



இந்த மாதத் தாளில் நான் பட்டாம்பூச்சி பற்றி எழுதுவதாகத்தான் பெயர் கொடுத்திருந்தேன். தலைப்பு மாறியதற்குக் காரணம் என் தங்கச்சி. ஆறாவது படிக்கிறாள். பொங்கல் லீவில் எங்க தெரு அண்ணன் ஒருத்தர் போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறார். ரஷ்யாவில் சைபீரியா என்கிற குளிர் பிரதேசத்தில் நிலம் தானாக வெடித்து, கிணறு மாதிரி ஒரு ராட்சசப் பள்ளம். "பூமிக்கு அடியில பலூன் மாதிரி முழுக்க காஸ் இருக்குது, ஐஸ் உருகினா ஒரே நாள்ல எல்லாம் வெடிச்சு உலகமே காலி" என்று அதில் ஒரு குரல் பேசுகிறதாம். அன்றைக்கு ராத்திரி அவள் தூங்கவேயில்லை. மறுநாள் ஏரிக்கரைப் பக்கம் வரமாட்டேன் என்று ஒரே அடம். ஏன்டி என்று கேட்டால், "நம்ம ஏரியிலயும் குமிழி வருது இல்லக்கா? அதுவும் அதே காஸ்தானே?" என்றாள்.

எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. ஏனென்றால் அவள் சொன்னதில் பாதி உண்மை. நம்ம ஏரிச் சேற்றில் வருவதும் மீத்தேன்தான், சைபீரியா மண்ணில் இருப்பதும் பெரும்பாலும் மீத்தேன்தான். அந்தப் பள்ளமும் பொய் இல்லை. 2014 ஜூலையில் யமால் என்கிற தீபகற்பத்துக்கு மேலே ஹெலிகாப்டரில் போனவர்கள் அதைப் பார்த்தார்கள். பள்ளத்தின் வாய் இருபது மீட்டருக்கு மேல் அகலம், ஆழம் சுமார் 50 மீட்டர். அதன் அடியில் காற்றை அளந்து பார்த்தபோது 9.6 சதவீதம் வரை மீத்தேன் இருந்தது. சாதாரணக் காற்றில் மீத்தேன் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு என்றால் பார்த்துக்குங்க.

"பலூன் மாதிரி முழுக்க" என்கிற இடத்தில்தான் அந்தக் குரல் தப்பு பண்ணுது. வாயு மண்ணுக்குள்ளே அப்படி இருக்காது. எங்கே இருக்கு, எங்கே இல்லை என்பதை முடிவு பண்ணுவது மண். இதை எனக்குப் புரிய வைத்தது நம்ம அறிவியல் சார், ஒரு மூங்கில் குச்சி, ஒரு பிளாஸ்டிக் புனல்.

மாசி மாதம் தண்ணீர் கொஞ்சம் வத்தினதும் சார் எங்க நாலு பேரை ஏரிக்குக் கூட்டிட்டுப் போனார். ஒரு பெரிய பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, வாயில் புனலை மாட்டி, தலைகீழாகத் தண்ணீரில் பிடிக்க வேண்டும். புனலுக்குக் கீழே சேற்றைக் குச்சியால் கிளற வேண்டும். குமிழி மேலே வந்து பாட்டிலில் சேரும், தண்ணீர் இறங்கும். இது புது சோதனை இல்லை. 1776-லேயே இத்தாலி நாட்டு வோல்ட்டா (மின்கலம் கண்டுபிடித்தாரே, அவரேதான்) மஜ்ஜோரே ஏரிச் சேற்றைக் குச்சியால் கிளறி இந்த வாயுவைப் பிடித்து எரித்துப் பார்த்திருக்கிறார்.

முதலில் கலங்கல் பக்கம் போனோம். அங்கே அடியில் மணல். பத்து நிமிஷம் கிளறியும் நாலைந்து குமிழிதான். அடுத்து மதகுப் பக்கம். அங்கே வண்டல், கறுப்புச் சேறு, வருஷக்கணக்காக விழுந்த வேலிகாத்தான் இலை, அழுகின ஆகாயத்தாமரை. குச்சியை விட்டதுதான் தாமதம், பொள பொளவென்று வந்தது. இருபது நிமிஷத்தில் பாட்டில் நிறைந்துவிட்டது. கூடவே அழுகின முட்டை வாசனை. அந்த வாசனை மீத்தேனுக்குச் சொந்தமில்லை, கூட வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்குச் சொந்தம். மீத்தேனுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. (வீட்டு சிலிண்டரில் இருப்பது வேற வாயு, புரோப்பேனும் பியூட்டேனும். அதிலும் வாசனையைத் தனியாகத்தான் கலக்கிறார்கள், கசிந்தால் தெரியட்டும் என்று.) கரைக்கு வந்து சார் தீக்குச்சி காட்டினார். நீலமாக ஒரு சின்ன ஜுவாலை, புஸ் என்று அணைந்தது. தயவுசெய்து இதை யாரும் தனியாகச் செய்யாதீங்க. நாங்களும் செய்யவில்லை, சார்தான் செய்தார்.

அப்புறம் சார் கேட்டார்: "ஒரே ஏரிதானே, ஒரே தண்ணிதானே, ஏன் மணல் பக்கம் வரல?"

நான் சொன்ன பதில்: அங்கே இலை தழை இல்லை, அதனால் வாயு உண்டாகவில்லை. சரி என்றார், ஆனால் அது பாதிதான் என்றார். காற்று புகாத சேற்றில் ஒரு வகை நுண்ணுயிரிகள் செத்த தாவரத்தைச் சிதைத்து மீத்தேனை உண்டாக்குகின்றன. சாணக் கழிவில் கோபர் காஸ் வருவதும் இதே மாதிரிதான். உண்டானால் மட்டும் போதாது, வாயு அங்கேயே தங்கவும் வேண்டும். மணலில் மணிக்கும் மணிக்கும் நடுவே பெரிய சந்து. வாயு நிற்காமல் போய்விடும். களிமண் சேறு பிசுபிசுப்பு, சந்து ரொம்பச் சின்னது. குமிழி மாட்டிக்கொண்டு நிற்கும், குச்சி பட்டால்தான் விடும். ஆக, வாயு உண்டாக்க ஆள் வேணும், அது தங்க இடம் வேணும், தப்பிச்சுப் போகாமல் இருக்க மேலே மூடி வேணும். இந்த மூன்றையும் மனசில் வைத்துக்கொண்டு சைபீரியா போகலாம்.

ஆனால் அதற்கு முன்னால் எல்லாரும் ஒரு ஐஸ் கட்டியைப் பாருங்க. பிரிட்ஜ் இருக்கிற வீட்டில் டிரேயில் எடுத்த ஐஸ். ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், நடுவில் மட்டும் வெள்ளையாகப் புகை மாதிரி இருக்கும். உற்றுப் பார்த்தால் அந்த வெள்ளை எல்லாம் சின்னச் சின்னக் காற்றுக் குமிழி. ஏன் நடுவில் மட்டும்? தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே பார்த்து உறைகிறது. உறையும் ஐஸ், தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றைத் தனக்குள் சேர்த்துக்கொள்ளாது, தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் நடுவில் போக வழியில்லாமல் காற்று மாட்டிக்கொள்ளும். உப்பையும் இப்படித்தான் தள்ளும். இந்த உப்பு விஷயம் பின்னாடி வரும், மறந்துடாதீங்க.

இதேதான் சைபீரியா மண்ணிலும் நடந்தது, ஐஸ் டிரே அளவில் இல்லை, ஊர் ஊராக. தொடர்ந்து இரண்டு வருஷமாவது 0 டிகிரிக்கு மேலே போகாமல் கிடக்கிற மண்ணுக்குப் பெர்மாஃப்ராஸ்ட் என்று பெயர். நாம் உறைநிலம் என்று சொல்லிக்கலாம். இரண்டு வருஷம் என்பது இலக்கணத்துக்குத்தான். அங்கே பல இடங்கள் பனியுகத்திலிருந்து ஆயிரக்கணக்கான வருஷமாக உறைந்தே கிடக்கின்றன. சைபீரியாவின் சில பகுதிகளில் இந்த உறைந்த மண்ணின் கனம் 1,500 மீட்டர் வரை போகிறது. கோடையில் மேலாக ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் இளகும், மறுபடி உறையும். நம்ம நாட்டிலும் லடாக்கின் உயரமான இடங்களில் உறைநிலம் உண்டு.

அந்த மண்ணுக்குள் வாயு ஒரே மாதிரி பரவியிருக்கவில்லை. சில இடத்தில் ஐஸுக்குள் பொடிக் குமிழியாகச் சிதறிக் கிடக்கிறது, நம்ம ஐஸ் கட்டி நடுவில் இருந்த மாதிரி. சில இடத்தில் உறைந்த களிமண் அடுக்குகளுக்கு நடுவே மணல் அடுக்கு ஏதாவது மாட்டியிருக்கும். மேலிருந்து உறைந்துகொண்டே வந்தபோது துரத்தப்பட்ட வாயு அந்த மணல் சந்துகளில் போய் ஒதுங்கி, மேலேயும் கீழேயும் பூட்டப்பட்டு, அழுத்தத்தோடு நிற்கும். நம்ம ஏரியில் மணலில் வாயு நிற்காது என்று பார்த்தோமே, இங்கே அதே மணல் வாயுவைப் பிடித்து வைக்கிறது. மணல் மாறவில்லை, மேலே மூடி வந்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம். யமாலில் போவனென்கோவோ என்கிற எரிவாயு வயல் இருக்கிறது. அங்கே கிணறு தோண்டினவர்களுக்கு, எதிர்பார்த்த ஆழத்துக்கு ரொம்ப முன்னாலேயே, 150 மீட்டருக்கும் குறைவான ஆழத்தில், உறைநிலத்துக்குள்ளிருந்தே வாயு பீறிட்டு வந்தது. அதைச் சோதித்துப் பார்த்தால், ஆழத்தில் வெந்து உண்டான வாயு இல்லை, நுண்ணுயிரி உண்டாக்கின வாயு. அதாவது நம்ம மதகுச் சேற்று வாயுவுக்குச் சொந்தக்காரன்தான். அதுவும் எல்லா இடத்திலும் இல்லை, தனித்தனிப் பைகளாக அங்கங்கே.

வீடியோவில் வந்த பள்ளம் இந்த வயலிலிருந்து 30 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. வெடிப்பதற்கு முன் அங்கே ஒரு மேடு இருந்ததைச் செயற்கைக்கோள் படங்களில் பார்த்திருக்கிறார்கள். அடியில் சேர்ந்த வாயுவின் அழுத்தம் உறைந்த மூடியைத் தூக்கி, ஒரு நாள் பிய்த்துக்கொண்டது என்பது வரை பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். அந்த அழுத்தம் எப்படி ஏறியது என்பதில் இன்னும் ஆளுக்கொரு கருத்து. அந்தப் பகுதியில் இதுவரை பத்துக்கும் மேற்பட்ட பள்ளங்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். பள்ளங்களில் இப்போது தண்ணீர் தேங்கிக் குளமாகிவிட்டன. ஆக வெடித்தது ஒரு பை, பூமி முழுக்க இருக்கிற பலூன் இல்லை.

இன்னொரு விதமாகவும் வாயு உட்கார்ந்திருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அதுக்குப் பேர் வாயு ஹைட்ரேட்.

குளிரும் அழுத்தமும் சேர்ந்தால் தண்ணீர் மூலக்கூறுகள் கூண்டு மாதிரி கை கோத்து நிற்கும். கூண்டுக்குள் மீத்தேன் மாட்டிக்கொள்ளும். 46 தண்ணீர் மூலக்கூறுகளுக்கு 8 மீத்தேன் வரை பிடிக்கும். பார்க்க ஐஸ் மாதிரியே இருக்கும், தீ வைத்தால் எரியும். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் கரைந்தால் சுமார் 164 கன மீட்டர் வாயுவும் 0.8 கன மீட்டர் தண்ணீரும் வரும். நம்ம கணக்கில் சொன்னால், 15 லிட்டர் குடம் நிறைய ஹைட்ரேட் இருந்தால் குடத்தில் 12 லிட்டர் தண்ணீர் மிஞ்சும், 2,460 லிட்டர் வாயு பறந்துவிடும்.

0 டிகிரியில் இந்தக் கூண்டு நிலைக்க நம்ம தலைக்கு மேல் இருக்கிற காற்றழுத்தத்தைப் போல சுமார் 26 மடங்கு அழுத்தம் வேணும். பத்து மீட்டர் தண்ணீருக்கு ஒரு மடங்கு என்று போட்டால் சுமார் 250 மீட்டர் ஆழம். அதனால் உறைநிலத்தில் ஹைட்ரேட் பெரும்பாலும் 200 மீட்டருக்குக் கீழேதான் இருக்கும். அதுக்கும் மேலே இருந்தால்? அதிசயம் என்னவென்றால், சில இடத்தில் இருக்கலாம் என்கிறார்கள். பழைய காலத்தில் மேலே பனிப்பாளமோ கடலோ இருந்து அழுத்தினபோது உண்டான ஹைட்ரேட், அழுத்தம் போன பிறகும் முழுசாகக் கரையாது. மேல்தோல் மட்டும் கரைந்து, அந்தத் தண்ணீர் உடனே ஐஸாக உறைந்து, உள்ளே இருப்பதை மூடிக்கொள்ளும். மண் 0 டிகிரிக்குக் கீழே இருக்கும் வரை அது அப்படியே கிடக்கும். பாலுக்கு மேல் ஆடை கட்டின மாதிரி. இந்த ஆடைதான் ஆபத்தானது, ஏனென்றால் இது கொஞ்சம் சூடுக்கே கிழிந்துவிடும்.

இப்போது நம்ம நாடு உள்ளே வருகிறது. கனடாவின் வடக்கு ஓரத்தில் மெக்கன்சி ஆற்று முகத்துவாரத்தில் மல்லிக் என்கிற இடம். மல்லிகைப்பூ இல்லை, மல்லிக். 2002-இல் அங்கே உறைநிலத்தைத் துளைத்து ஹைட்ரேட்டை ஆராய்ந்தார்கள். கனடா, ஜப்பான், ஜெர்மனி, அமெரிக்காவோடு இந்தியாவும் அந்தத் திட்டத்தில் பங்குதாரர். அங்கே உறைந்த மண் மட்டும் 600 மீட்டருக்கும் மேல். அதற்கும் கீழே, சுமார் 890 மீட்டரிலிருந்து 1,110 மீட்டர் வரை ஹைட்ரேட். அந்த 220 மீட்டரும் நிரம்பி இருந்ததா என்றால், இல்லை. மணல் அடுக்கு வந்தால் சந்துகளில் 80 சதவீதத்துக்கும் மேலே ஹைட்ரேட் அடைத்திருக்கிறது. அடுத்து நைசான வண்டல் அடுக்கு வந்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மறுபடி மணல், மறுபடி நிறைவு. குளிரும் அழுத்தமும் இரண்டு அடுக்குக்கும் ஒன்றுதான். ஆனால் கூண்டு கட்ட இடம் மணலில்தான் இருந்தது.

எங்க அப்பா பட்டு நெய்கிறவர். நான் இதைச் சொன்னபோது தறிக்குழியில் உட்கார்ந்தபடியே கேட்டார், "சாயம் மாதிரி ஏறியிருக்குதா, ஜரிகை மாதிரி ஓடுதா?" என்று. எனக்கு அப்போதுதான் எல்லாம் பிடிபட்டது. சாயத் தொட்டியில் போட்ட பட்டு நூல், இழை இழையாக முழுக்கச் சாயம் குடிக்கும். மல்லிக் மணலில் ஹைட்ரேட் அப்படித்தான் ஏறியிருக்கிறது. ஜரிகை அப்படி இல்லை, துணி வேற, ஜரிகை வேற, கோடாக மட்டும் ஓடும். அப்படியும் ஒரு இடம் இருக்கிறது. அது நம்ம வங்காள விரிகுடாவிலேயே, ஆந்திராவுக்கு எதிரே, கிருஷ்ணா கோதாவரிப் படுகையில்.

கடலில் உறைநிலம் இல்லையே என்று கேட்பீர்கள். ஆழ்கடல் அடியும் குளிர்தான், மேலே ஆயிரம் மீட்டர் தண்ணீர் அழுத்துகிறது. ஐஸ் இல்லாமலேயே ஹைட்ரேட் நிலைக்கும். 2006 ஏப்ரல் 28 முதல் ஆகஸ்ட் 19 வரை, தேசிய வாயு ஹைட்ரேட் திட்டத்தின் முதல் பயணத்தில் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்கிற துளையிடும் கப்பல் இந்தியக் கடலில் 21 இடங்களில் 39 துளை போட்டது. கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் ஒரு இடத்தில் 128 மீட்டர் கனத்துக்கு ஹைட்ரேட் உள்ள படிவம் கிடைத்தது. ஆனால் அங்கே மணல் இல்லை, சாம்பல் நிறக் களிமண். களிமண்ணின் சந்துக்குள் நுழைய முடியாத ஹைட்ரேட், களிமண்ணில் விழுந்த வெடிப்புகளில் வெள்ளை வெள்ளையாக, கோடாக ஓடியது. அப்பா சொன்ன ஜரிகை! அந்தமானில் இன்னொரு விதம், எரிமலைச் சாம்பல் அடுக்குகளில், கடல் தரையிலிருந்து சுமார் 600 மீட்டர் ஆழம் வரைக்கும் போனது. பிறகு 2015 மார்ச் முதல் ஜூலை வரை ஜப்பானின் சிக்யூ கப்பல் வந்து இரண்டாவது பயணம். இந்த முறை மணலாகப் பார்த்துத் தேடினார்கள், கிருஷ்ணா கோதாவரிப் பக்கமே மணல் அடுக்குகளில் கிடைத்தது. ஏன் மணலைத் தேடினார்கள் என்றால், ஜரிகையாக ஓடுவதை உருவி எடுப்பது கஷ்டம். மணலில் அழுத்தத்தைக் குறைத்தால் கூண்டு உடைந்து வாயு சந்து வழியே கிணற்றுக்கு வரும். கோலி சோடாவில் கோலியைத் தட்டினதும் நுரை பொங்குகிற மாதிரி. மல்லிக்கில் 2008 மார்ச்சில் இப்படி ஆறு நாள் தொடர்ந்து வாயு எடுத்துக் காட்டினார்கள். நம்ம நாட்டில் இன்னும் வணிக ரீதியாக யாரும் எடுக்கவில்லை.

சரி, ஆயிரம் அடி மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மேலே இழுத்து வருவதற்குள் பாதி கரைந்துவிடுமே? இங்கேதான் உப்பு வருகிறது. ஹைட்ரேட்டும் ஐஸ் மாதிரி உப்பை வெளியே தள்ளித்தான் உண்டாகிறது. கப்பலுக்கு மேலே கொண்டு வந்த மண் துண்டைப் பிழிந்து அந்த நீரில் உப்பைப் பார்க்கிறார்கள். கடல் மண்ணில் உப்பு குறைவாக இருந்தால், அங்கே நல்ல தண்ணீர் கலந்திருக்கிறது, அதாவது ஹைட்ரேட் இருந்து கரைந்திருக்கிறது. எவ்வளவு குறைவோ அவ்வளவு ஹைட்ரேட். திருடன் ஓடிவிட்டான், ஆனால் காலடித் தடம் இருக்கு! இன்னொரு வழி, வெப்பத்தைப் பார்க்கிற கேமரா. ஹைட்ரேட் கரையும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சும். அதனால் மண் துண்டில் அது இருக்கிற இடம் மட்டும் ஜில்லென்று தனியாகத் தெரியும். ரெண்டு வழியையும் 2006 பயணத்தில் பயன்படுத்தினார்கள்.

இதுக்கான வேலை நமக்குப் பக்கத்திலேயும் நடக்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் 1993-இல் தொடங்கின தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அவர்கள் ரோசப் 6000 என்று ஆளில்லாமல் கடலுக்குள் போகிற ஒரு வாகனம் செய்து, 2010-இல் 5,289 மீட்டர் ஆழம் வரை இறக்கினார்கள். ஹைட்ரேட் இருக்கும் கடல் தரையைப் பார்ப்பதும் அதன் வேலைகளில் ஒன்று. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் என்பதால் அங்கே சேற்றைக் கிளறினாலே குமிழி வரும் என்பது தனிக்கதை.

இப்போ தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன்.

நம்ம ஏரி வெடிக்காது. தண்ணீர் ரெண்டு ஆள் ஆழம்கூட இல்லை, சூடு 25, 30 டிகிரி. கூண்டு கட்ட வழியே இல்லை, மேலே மூடியும் இல்லை. உண்டாகிற வாயு அப்பப்போ குமிழியாகப் போய்விடுகிறது. கொஞ்சத்தை வழியிலேயே வேற நுண்ணுயிரிகள் தின்றுவிடுகின்றன.

உறைநிலமும் ஆழ்கடலும் ஒரே நாளில் வெடிக்காது. ஹைட்ரேட்டில் பெரும்பகுதி ஆழத்தில் இருக்கிறது. மேலே சூடேறினால் அந்தச் சூடு நூற்றுக்கணக்கான மீட்டர் மண்ணைத் தாண்டி இறங்க நூற்றாண்டுகள், சில இடத்தில் ஆயிரக்கணக்கான வருஷங்கள் ஆகும். கடலடியில் கரைந்தாலும் பெரும்பாலும் தண்ணீரிலேயே கரைந்து, நுண்ணுயிரிகளுக்குச் சாப்பாடாகிவிடும். ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2021 அறிக்கையில், இந்த நூற்றாண்டுக்குள் ஹைட்ரேட்டால் காற்றின் மீத்தேன் கணக்கு பெரிதாக மாறுவது மிகவும் அரிது என்று எழுதியிருக்கிறது.

ஆனால் அவள் பயந்தது முழுக்க வீண் என்றும் நான் சொல்ல மாட்டேன். பொய் சொல்லித் தூங்க வைப்பது எனக்குப் பிடிக்காது. பயப்பட வேண்டிய இடம் வேற, ஆழத்தில் இல்லை, மேலே. உறைநிலத்தின் மேல் அடுக்குகளில் செத்த புல், வேர், பாசி எல்லாம் அழுகாமல் பத்திரமாக உறைந்து கிடக்கிறது. அதிலுள்ள கார்பன் மட்டும் சுமார் 1,50,000 கோடி டன், இப்போது காற்றில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மண் இளகினால் தரை உள்வாங்கிக் குளமாகும். குளத்தின் அடியில் காற்றுப் புகாது. அப்புறம் நடப்பது நம்ம மதகுப் பக்கம் நடப்பதுதான். அலாஸ்கா பல்கலைக்கழகத்தில் கேட்டி வால்டர் ஆண்டனி என்கிற விஞ்ஞானி இந்தக் குளங்களைத்தான் ஆராய்கிறார். குளிர்காலத்தில் குளத்து மேல்பரப்பு உறையும்போது ஏறி வரும் குமிழிகள் ஐஸில் மாட்டி, வெள்ளைத் தட்டுகளாக ஒன்றுக்கு மேல் ஒன்று அடுக்கி நிற்குமாம், இட்லிப் பானையில் தட்டு அடுக்கின மாதிரி. ஐஸைத் துளைத்துத் தீ காட்டினால் ஆள் உயரத்துக்கு எரியும். அங்கேயும் குளம் முழுக்க ஒரே மாதிரி இல்லை, புதிதாக இளகுகிற கரை ஓரத்தில்தான் குமிழி அதிகம்.

இதில் வெடிச் சத்தம் எதுவும் இல்லை, சத்தமே இல்லாமல் கசிகிறது. மீத்தேன் காற்றில் சுமார் 12 வருஷம்தான் இருக்கும். ஆனால் இருக்கும்வரை வேலை அதிகம். 20 வருஷக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் சூட்டைப் பிடிக்கும். சூடு கூடினால் இன்னும் கொஞ்சம் மண் இளகும், இன்னும் கொஞ்சம் குமிழி. வெடிப்பு என்றால் ஒரு நாளில் முடிந்துவிடும், இது முடியாது. எனக்கு இதுதான் கவலையாக இருக்கிறது.

இதையெல்லாம் தங்கச்சிக்கு ரெண்டு நாள் உட்கார்ந்து சொன்னேன், ஐஸ் கட்டி, ஜரிகை, எல்லாம் வைத்து. அவள் கேட்ட அடுத்த கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. "அப்போ நெல்லு வயல்லயும் தண்ணி நிக்குதே, அங்கயும் வருமாக்கா?" வரும். தண்ணீர் நிற்கிற நெல் வயல் மீத்தேன் விடுகிற முக்கியமான இடங்களில் ஒன்று. எங்க ஆயா இருந்தால் "அதுக்காகச் சோறு தின்னாம இருக்க முடியுமா" என்று கேட்டிருப்பார். வேண்டாம். திருந்திய நெல் சாகுபடியில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி தண்ணீர் விடுகிறார்களே, அப்படிச் செய்தால் மண்ணுக்குக் காற்று கிடைத்து மீத்தேன் நன்றாகக் குறையும். தண்ணீரும் மிச்சம். நம்ம ஊரில் யார் யார் இப்படிச் செய்கிறார்கள் என்று அவள் இப்போது வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு திரிகிறாள். ஏரிக்கரை வழியாகத்தான் போகிறாள்.

புனலும் பாட்டிலும் அறிவியல் அறையில் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. வரும் சனிக்கிழமை காலை சார் மறுபடி ஏரிக்கு வருகிறார், இந்தத் தடவை கலங்கல் மணலுக்கு மேல் களிமண்ணைக் கொட்டி மூடிப் பார்க்கப் போகிறோம், குமிழி மாட்டுதா என்று. வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுங்கள். செருப்பு சேற்றில் போய்விடும், பழசாகப் போட்டு வாங்க.

- பிளஸ் ஒன், அறிவியல் பிரிவு